முகவரி யாருக்கு உரியது?

ஒரு வீட்டின் சொந்தக்காரர் யார் என்ற வினாவிற்கு உறுதியை எடுத்துக் காட்டி விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்வீட்டின் வாயிலைத் திறக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே உடைமை பற்றிய மெய்யான வினாவாகும். திறவுகோல் பிறரொருவர் கையிலிருக்க, உறுதியை மட்டும் அலுமாரியிற் பூட்டி வைத்திருப்பவர் சொந்தக்காரர் அல்லர், வாடகைக்காரரே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அனெக்ஸ்களிலும் வாடகை அறைகளிலும் வாழ்ந்து பழகிய எம்மவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கணினி. எமது பணத்தில் வாங்கி, எமது வீட்டில் வைத்து, எமது மின்கட்டணத்தில் இயங்கும் கணினியை, வீட்டிற்கு வெளியே நின்று நாம் அணுகமுடியாதிருப்பது ஏன்? தடுப்பவர் எவர்? அத்தடை இயற்கையின் நியதியா, அல்லது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா? இவையே ஈண்டு ஆராயப்படும் வினாக்கள்.

தலைப்பைக் கண்டதும், இது பொறியியற் பீடத்தாரின் விடயம், கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். நிலவுரிமை பற்றிய வினாவை நாம் நிலஅளவையாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவில்லை. மொழியுரிமை பற்றிய வினாவை அச்சுக்கோப்பவரிடம் விட்டுவிடவுமில்லை. முகவரி பற்றிய வினாவை மட்டும் கம்பி இழுப்பவரிடம் விட்டுவிடலாம் என்பது எவ்வகையில் நியாயம்?

எனது அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். எமது வீடு கொட்டாஞ்சேனையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் உள்ளது. வெளிநாடு செல்லுமுன் அண்ணா வாங்கித் தந்த மேசைக்கணினி ஒன்று அங்குண்டு. இறுதிவருட ஆய்வுக்கட்டுரைக்கென நான் ஓராண்டாகத் தேடித்தேடிப் படம்பிடித்த பழைய சஞ்சிகைப் பக்கங்கள் யாவும் அதிலேயே உள்ளன. பல்லாயிரம் பக்கங்களாதலின், அவற்றைப் பென் டிரைவில் நாள்தோறும் காவித்திரிவது இயலாத காரியம். ஒருநாள் என்னை வழிநடத்தும் விரிவுரையாளர் ஒரு குறித்த பக்கத்தைக் காட்டும்படி கேட்டார். “வீட்டில் இருக்கிறது சேர்” என்றேன். “அதைத்தானே போன கிழமையும் சொன்னீர்” என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து எமது வீடு சில கிலோமீற்றர் தூரந்தான். ஆனால் புறக்கோட்டை நெரிசலில் பஸ் ஏறி இறங்கிப் போய்வர ஒரு பின்னேரம் முழுதாகக் கழிந்துவிடும். அன்று கழிந்தது.

இதற்கு மாற்றுவழி இருக்கவேண்டுமே என்றெண்ணி, எமக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அரைமணி நேரம் இசை கேட்டபின் ஒருவர் பேசினார். வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அடைய விரும்புகிறேன் என்றதற்கு அவர் தந்த விடை இதுதான்: “உங்கட பக்கேஜில அது செய்ய ஏலாது. பிஸ்னஸ் கனெக்சன் எடுங்கோ.” ஏன் ஏலாது எனக் கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. தமக்குக் கொடுக்கப்பட்ட தாளை வாசித்தவர் அவர். கோபம் அத்தாளை எழுதியவர்கள் மீதே.

ஏன் ஏலாது என்பதைப் பின்னர் நானே தேடி அறிந்துகொண்டேன். இணையத்தில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்முகவரி வேண்டும். இன்றளவும் பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பு ஐ.பி. முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மாத்திரமே. உலக மக்கள் தொகையைவிட இது குறைவு. முகவரிகள் போதாமற் போகும் என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே உணரப்பட்டு, 1994இல் ஒரு தற்காலிக உபாயம் முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பல கணினிகள் ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வாயிலில் நிற்கும் ரவுட்டர் எந்தக் கடிதம் எவருக்கு எனப் பிரித்துக் கொடுக்கும் என்பதே அவ்வுபாயம். 2011 பெப்ரவரி 3ஆந் திகதி உலக மையக் களஞ்சியத்திலிருந்த இறுதி முகவரித் தொகுதிகளும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எமது பிராந்தியத்திற்குரிய, அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனைத் தலைமையிடமாகக் கொண்ட பதிவகம், அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் இறுதித் தொகுதியைத் தொட்டுவிட்டது. அதன்பின் வீடு செய்ததை நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் நிறுத்தின. இதற்கெனவே 2012இல் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதியொன்று தனியே ஒதுக்கப்பட்டது.

இதனை லொட்ஜ் ஒன்றுக்கு ஒப்பிடலாம். லொட்ஜில் தங்கியிருப்பவர் உலகெங்கும் கடிதம் எழுதலாம். எழுதிய கடிதத்திற்குப் பதில் வந்தால் முகாமையாளர் கொண்டுவந்து தருவார். ஆனால் முன்பின் கடிதத் தொடர்பில்லாத ஒருவர் அவரைத் தேடி வாயிலுக்கு வந்தால், “அப்படி ஒருவரும் இங்கு இல்லை” என்ற விடையே கிடைக்கும். எமது வீட்டுக் கணினியின் நிலை இதுவே. அது வெளியே போகலாம். அதனைத் தேடி எவரும் வரமுடியாது. அதன் சொந்தக்காரரும் வரமுடியாது.

இது தொழினுட்பத்தின் விதியன்று என்பதற்கு வரலாறே சான்று. இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெற் வலையமைப்பில் முதற் செய்தி அனுப்பப்பட்டது 1969 ஒக்ரோபர் 29ஆந் திகதி இரவு. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருந்த சார்ளி கிளைன் என்ற மாணவர், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். ‘லொகின்’ என்ற சொல்லின் முதலிரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் முயற்சி வெற்றிபெற்றது. இங்கு கருதற்பாலது யாதெனில், அந்த வலையமைப்பின் முதற்செயல் திரைப்படம் பார்ப்பதன்று, பொருள் வாங்குவதன்று. தொலைவிலுள்ள கணினியொன்றினுள் ஒரு மாணவர் நுழைந்து வேலைசெய்ய முயன்றமையே முதற்செயல். எந்த நோக்கத்திற்காக இவ்வலை பின்னப்பட்டதோ, அந்த நோக்கமே இன்று மேலதிகக் கட்டணம் செலுத்துவோருக்கான விசேட சலுகையாக மாற்றப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு முனையும் பேசலாம், ஒவ்வொரு முனையும் கேட்கலாம் என்ற சமத்துவ அமைப்பாகத் தொடங்கிய இணையம், சிலர் மட்டும் பேச ஏனையோர் வாங்கிக்கொள்ளும் அமைப்பாகத் திரிந்துவிட்டது. கணினி விற்பவர்களும் இதற்கு உடந்தையே. விண்டோஸின் ‘வீட்டுப் பதிப்பு’ பிற கணினிகளுக்குள் நுழையத் துணைசெய்யும். ஆனால் அதனுள் வெளியிலிருந்து நுழைவதற்கான தொலைமேசை வசதி அதில் இல்லை. கூடுதல் விலையுள்ள பதிப்பிலேயே அது உண்டு. வீடு என்று பெயரிட்டு விற்கப்படுவது வாயிலில்லாத வீடு. நாம் நுகர்வோராக மட்டுமே கருதப்படுகிறோம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

கொழும்புத் தமிழருக்கு முகவரி என்பது வெறும் தபால் விடயம் அன்று. தொண்ணூறுகளில் வெள்ளவத்தைக் காலி வீதியில் வரிசையாக இருந்த கொமியூனிகேஷன் கடைகளைப் பற்றி எம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வடக்கிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்தவர்க்குச் சொந்தத் தொலைபேசி இல்லை. கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ பிள்ளை எடுக்கும் அழைப்பிற்காகக் கடை வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருப்பர். கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உண்டு. மறந்துவிட்டால் அன்றைய அழைப்பு போயிற்று. பேசியது அத்தனையும் கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும். பிறர் முகவரியில் வாழ்வதன் விலை அது.

அவ்விலை ஒருமுறை மிகக் கொடியதாகவும் இருந்தது. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு கணினியின் எண்முகவரி இல்லாமையை, படுக்கையிலிருந்து எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றப்பட்ட மனிதரின் துயரத்திற்கு நான் நிகராக்கவில்லை. அங்ஙனம் செய்வது அத்துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம் ஒன்றுண்டு. சொந்த முகவரி இல்லாதவனின் இருப்பு, பிறர் தயவில் நிற்கும் இருப்பு என்பதே அது. அப்பாடத்தைக் கற்ற ஒரு சமூகம், புதியதொரு தளத்தில் முகவரியற்றதாக ஆக்கப்படும்போது மௌனமாயிருத்தல் ஆகாது.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம்.

“கூகிளிலோ வேறோர் இடத்திலோ போட்டுவைத்தால் எங்கிருந்தும் எடுக்கலாமே, வீட்டுக் கணினி எதற்கு?” என்பது பெரும்பாலோர் எழுப்பும் முதலாவது கேள்வி. மேகம் என்று அழகாகப் பெயரிடப்பட்டிருப்பது பிறருடைய கணினியே. அங்கு நாம் வாடகைக்காரர். இலவசமாகத் தரப்படும் இடம் சிறிது. மேற்பட்டதற்கு மாதந்தோறும் டொலர்க் கணக்கில் வாடகை. 2022இல் ரூபா வீழ்ந்தபோது அவ்வாடகை எம் கையில் எவ்வாறு கனத்தது என்பதை நாம் அறிவோம். கணக்கு மூடப்பட்டால் முறையிடுவதற்குக் கந்தோரும் இல்லை, கதவும் இல்லை. கையில் உள்ள பொருளை வாடகைக் களஞ்சியத்தில் வைப்பதும் வைக்காததும் உடைமையாளரின் விருப்பமாக இருக்கவேண்டும். வேறு வழியின்மையால் வைப்பது விருப்பமாகாது.

“வெளிநாட்டு இடைத்தரகு மென்பொருள்கள் உண்டே, அவற்றை நிறுவினால் எத்தகைய இணைப்பாயினும் வீட்டுக் கணினியை அடையலாமே” என்பது இரண்டாவது வாதம். உண்மை, நானும் அவ்வாறே செய்தேன். மூன்று கிழமை ஒழுங்காக வேலைசெய்தது. பின்னர், நான் அதனை வியாபாரத்திற்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகிப்பதாக ஒரு செய்தி தோன்றி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. பழைய சஞ்சிகைப் பக்கங்களை வாசிப்பது என்ன வியாபாரம் என்று கேட்பதற்கு அங்கு ஆளில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரவேண்டிய ஒரு பக்கம் ஏதோவொரு கண்டத்தைச் சுற்றி, ஒரு கம்பனியின் அனுமதியோடு வந்துசேரவேண்டும் என்பது அடிப்படையிலேயே விபரீதமானது. இன்னுமொன்று: இந்நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் ஓரிரவில் முடக்கப்பட்டதைக் கண்டோம். எல்லோரும் ஒரே தரகரின் வாயிலால் செல்லும்போது, அந்த ஒரு வாயிலை அடைப்பது எளிது.

மூன்றாவது வாதம் பாதுகாப்புப் பற்றியது. இதனை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலிமையுடையது இதுவே. வாயில் திறந்தால் சொந்தக்காரர் மட்டுமன்றித் திருடரும் வருவர். 2019 மே மாதத்தில் விண்டோஸ் தொலைமேசை வசதியிற் கண்டுபிடிக்கப்பட்ட குறைபாடு எத்துணை பாரதூரமானதெனில், தான் கைவிட்டுவிட்ட எக்ஸ்.பி. போன்ற பழைய பதிப்புகளுக்கும் மைக்ரோசொவ்ற் நிறுவனம் திருத்தம் வெளியிட நேர்ந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கூட்டத்தார், தொலைமேசை வாயில்கள் திறந்துகிடக்கும் கணினிகளை இரவுபகலாகத் தேடுகின்றனர். ஆகவே ரவுட்டரில் அவ்வாயிலை நேரே உலகிற்குத் திறந்துவிட்டு, பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைப்பவர் தம் கேட்டைத் தாமே தேடுபவராவர்.

ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிபு யாது? திருடர் உளர் என்பதற்காக வீடுகளுக்கு வாயில் வைக்கலாகாது என்று எவரும் சட்டமியற்றுவதில்லை. நல்ல பூட்டுச் செய்கிறோம். அப்பூட்டும் பல்கலைக்கழகமொன்றிலிருந்தே வந்தது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டபோது, அங்கு ஆய்வாளராயிருந்த தத்து இலோனன் என்பவர் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை ஆக்கினார். இருமுனைகளிலும் பூட்டப்பட்ட உரையாடல். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எவராலும் ஊகித்தறிய முடியாத நீண்ட சாவி. 2020இல் லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்ட வயர்கார்ட் என்னும் முறை, சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு உண்டென்பதும் வெளியாருக்குத் தெரியாது. இரண்டையும் எவரும் பணம் கொடாமற் பெறலாம். பாதுகாப்பின்மைக்கு மருந்து அறிவே, அடைப்பு அன்று. மேலும், பாதுகாப்பே காரணமெனின், மாதந்தோறும் கூடுதல் பணம் செலுத்துபவருக்கு மட்டும் அவ்வாபத்து எங்ஙனம் நீங்குகிறது? இவ்வொரு கேள்விக்கு நிறுவனங்கள் விடை கூறட்டும்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கியது. அது வேண்டியதே. ஆனால் கள்வன் உள்ளே வராதபடி காக்கும் சட்டத்தோடு, உடைமையாளன் உள்ளே போகும் வழியையும் எவராவது எண்ணிப்பார்க்க வேண்டாமா?

நான்காவது, முகவரிகள் தீர்ந்துவிட்டன, நிறுவனங்கள் என்ன செய்யும் என்பது. தீர்ந்தவை நான்காம் பதிப்பின் முகவரிகளே. ஆறாம் பதிப்பின் விதிகள் 1998இலேயே வெளியிடப்பட்டுவிட்டன. அதன் முகவரிகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு வீட்டிற்கும் கோடானுகோடி முகவரிகள் கொடுத்தாலும் அவை தீரா. இந்தியாவில் 2016இல் சந்தைக்கு வந்த ஜியோ நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஆறாம் பதிப்பைக் கையாண்டது. இன்று அந்நாட்டு இணையப் பயனருள் பாதிக்கு மேற்பட்டோர் அப்பதிப்பிலேயே இயங்குகின்றனர். பாக்கு நீரிணைக்கு அப்பால் இயன்றது இங்கு இயலாது என்று கூற முடியாது. இங்கும் அது ஓரளவு புழக்கத்திற்கு வந்தேயுள்ளது. குறை யாதெனில், முகவரி கிடைத்தாலும் வெளியிலிருந்து வருவன யாவும் இடையில் மறிக்கப்படுவதும், வேண்டிய வாயிலைத் திறக்கும் அதிகாரம் பயனருக்கு வழங்கப்படாமையுமே. பஞ்சம் தீர்ந்தபின்னரும் பங்கீட்டு அட்டையைக் கைவிட மனமில்லாத வியாபாரியின் செயல் இது.

ஐந்தாவதாக மின்கட்டணத்தைச் சுட்டுவோர் உளர். நியாயமான கவலை. 60 வாற்று இழுக்கும் மேசைக்கணினியை இரவுபகலாக எரியவிட்டால் மாதம் 43 அலகுகள் செலவாகும். எமது வீடுகளுக்கு அது கட்டாது. ஆனால் ஐந்து வாற்றளவில் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவு கணினி மாதம் நான்கு அலகுகளையும் எட்டாது. அது காவலாளிபோல் விழித்திருந்து, வேண்டியபோது மட்டும் பெரிய கணினியை எழுப்பிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவிய காலத்தில் எந்த உபாயமும் பலித்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காலத்தில் வேறெதுவும் பலிக்கவுமில்லை.

இவ்வளவும் ஒரு மாணவரின் பஸ் பிரயாணத்தை மிச்சப்படுத்துவதற்கான வாதமோ எனின், அன்று. இதன் ஆழமான காரணத்தை இறுதியாகக் கூறுகிறேன்.

1981 யூன் முதலாந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாக ஒரே இடத்தில் இருந்தவை மீளவேயில்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, அவ்வீடுகளின் புத்தகங்களும் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் உடன் எரிந்தன. இவற்றை நினைவுறுத்தி, “வீட்டில் வைப்பதே ஆபத்து என்பதைத்தானே எம் வரலாறு கூறுகிறது” என ஒருவர் என்னை மடக்கலாம். வரலாறு கூறுவது அதுவன்று. ஓரிடத்தில் மட்டும் வைப்பதே ஆபத்து என்பதுதான் அதன் கூற்று. அந்த ஓரிடம் எமது வீடாயினும் சரி, பொதுநூலகமாயினும் சரி, அமெரிக்கக் கம்பனியொன்றின் களஞ்சியமாயினும் சரி.

எம்மவர் இன்று உலகெங்கும் சிதறியுள்ளனர். கொட்டாஞ்சேனையில் பெற்றோர், ரொறன்ரோவில் மாமி, இலண்டனில் சித்தப்பா, வவுனியாவில் அம்மம்மா. இச்சிதறலை எண்ணி ஏங்குவதோடு நின்றுவிடுகிறோம். ஒரு வீட்டின் கணினி மற்றொரு வீட்டின் கணினியை நேரே அடையக்கூடுமாயின், கொட்டாஞ்சேனையில் படம்பிடித்த பக்கம் அன்றிரவே வவுனியாவிலும் ரொறன்ரோவிலும் பிரதியாகிவிடும். எந்தத் தீயும் இரு கண்டங்களில் ஒருசேரப் பற்றாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும், சிதறிவாழ்ந்த தன்னார்வலரின் உழைப்பைக் கோத்தே தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றின. அவை அச்சேறிய நூல்களைக் காக்கின்றன. அச்சேறாத குடும்பக் கடிதங்களையும் பாட்டனாரின் நாட்குறிப்பையும் எவர் காப்பது? வீடுகளே காக்கவேண்டும். அதற்கு வீடு வீட்டை அடையக்கூடியதாயிருத்தல் வேண்டும். முகவரியை மறுப்பவர் எமக்கு மறுப்பது அதனையே.

ஆகவே நாம் கோரவேண்டியவை எவை? முதலாவதாக, இணைப்பு விற்கப்படும்போதே அதன் முகவரி தனியானதா பங்கிடப்பட்டதா என்பதைப் படிவத்தில், மும்மொழியிலும் எழுதவேண்டும். தற்போது இதனை நாமே துப்பறிந்தாலன்றி அறியவியலாது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டப்படும் வெளிமுகவரியும் இணையத்தளங்கள் காட்டும் எம் முகவரியும் வேறுபடின், நாம் பங்கிடப்பட்டோர். வாசகர் இன்றிரவே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு வீட்டிணைப்பிற்கும் ஆறாம் பதிப்பு முகவரிகள் வழங்கப்பட்டு, அவற்றின் வாயில்களைத் திறக்கவும் மூடவும் பயனருக்கு அதிகாரம் இருத்தல் வேண்டும். பூட்டியே தரலாம், திறவுகோலையும் உடன் தரவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனை உரிமமளிக்கும் நிபந்தனைகளுள் ஒன்றாக்கல் வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை எமது பல்கலைக்கழகத்தை நோக்கியது. அதனை நாளையே நிறைவேற்றலாம் என்பதால் சற்று விரித்துரைக்கிறேன். இந்நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ண்’ வலையமைப்பு எமக்குண்டு. தனிமுகவரியுடைய ஒரு சிறு கணினியைப் பல்கலைக்கழகத்தில் இடைநிலையமாக நிறுத்தினால் போதும். வெளியே செல்லும் அழைப்புகள் பொதுவாக மறிக்கப்படுவதில்லையாதலின், மாணவரின் வீட்டுக் கணினி அந்நிலையத்தை அழைத்து இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். மாணவர் நூலகத்தில் அமர்ந்து அதே நிலையத்தினூடாகத் தம் வீட்டிற்குள் நுழைவார். இதுவும் ஓர் இடைத்தரகல்லவா எனக் கேட்கலாம். ஆம், ஆனால் எமது தரகு. உரையாடல் எஸ்.எஸ்.எச். முறையில் இருமுனைகளிலும் பூட்டப்பட்டிருப்பதால் இடையில் நிற்பது உறையை மட்டுமே காணும். தவறு நேர்ந்தால் முறையிட ஒரு கதவும், பதில் சொல்ல ஓர் ஆளும் உண்டு. இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

இறுதிக் கோரிக்கை எம்மை நோக்கியது. சாவி செய்வதும் பூட்டுவதும் எவ்வாறு என்பதைத் தமிழில் எழுதி, முதல் வருட மாணவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கமே ஏற்கலாம். ஆண்டுதோறும் பட்டிமன்றங்களில் தமிழ் வாழுமா என விவாதிக்கிறோம். ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, தமிழ்ப் பக்கங்கள் கிடக்கும் கணினிக்கு ஒரு நல்ல கதவு செய்யப் பழகினால் அவ்விவாதத்திற்குச் சிறிதளவேனும் பொருள் உண்டாகும்.

எனது ஆய்வுக்கட்டுரைக்குரிய பக்கங்கள் இதனை எழுதும் இவ்வேளையிலும் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் உள்ளன. நான் நூலகத்தில் இருக்கிறேன். இரண்டிற்கும் இடையே இருப்பது சில கிலோமீற்றர் தூரமும், எவரோ ஒருவரின் கட்டணப் பட்டியலுமே. தூரத்தை எம்மால் மாற்றவியலாது. கட்டணப் பட்டியல் மனிதர் எழுதியது; அதனை மனிதர் திருத்தி எழுதலாம்.